ஃபெரிக் குளோரைடும் ஃப்ராகொனாரும்

எங்கள் வீட்டில் ஃபெரிக் குளோரைடு என்று சொன்னாலே என் மனைவியின் முகம் மாறிவிடும். பாலிடெக்னிக் காலத்திலிருந்து, அந்தக் கரைசலில் செம்பை அரித்துக் கையால் சர்க்யூட் போர்டு செய்து பழகியவன் நான். கல்யாணமான புதிதில் மாமியார் எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டையில் அந்தக் கரைசல் தெறித்தது. துரு நிறத்தில் விழுந்த கறை கடைசிவரை போகவேயில்லை. அந்தச் சட்டை ஸ்கூட்டர் துடைக்கப் போனது. போன வருஷம் நான் ஓய்வு பெற்ற அன்று, "இனிமேலாவது அந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்க" என்றாள். சரி என்றுதான் நானும் சொன்னேன். இப்போது மொட்டைமாடியில் மறுபடியும் ஒரு லிட்டர் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. காரணம், 1732இல் பிறந்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

மகள் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியாவில். மூன்று மாதம் தங்கப் போயிருந்தோம். அங்கிருந்து மெட்ரோ பிடித்தால் வாஷிங்டன். அங்கே இருக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பகலில் பொழுது போகாத மனுஷனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? முதல் இரண்டு தடவை போனதில் எனக்குக் கிடைத்தது கால்வலி மட்டும்தான். மூன்றாவது தடவைதான் அந்தப் பிரெஞ்சுக்காரர், ழான் ஓனொரே ஃப்ராகொனார் என்ற ஓவியரின் இரண்டு பெரிய ஓவியங்களுக்கு முன்னால் நின்றேன். ஒன்று ஊஞ்சல். இன்னொன்று கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். ஒவ்வொன்றும் ஏழடி உயரம் இருக்கும். ஊஞ்சல் என்று பெயர்தானே தவிர, படத்தில் பெரும்பகுதி மரமும் மேகமும்தான். மனிதர்கள் கீழே சிந்திய பொரி மாதிரி ஆங்காங்கே கிடக்கிறார்கள். இவ்வளவு பெரிய துணியை வாங்கி இவ்வளவு சின்ன ஆட்களை எதற்குப் போட்டார் என்று நினைத்தேன்.

"அப்பா, இதே ஆள் காப்பர் தகட்டுல ஆசிட் ஊத்தியும் படம் போட்டிருக்கார், தெரியுமா? உங்க வேலைதான்" என்றாள் மகள். அதுவும் இங்கேயே இருக்கிறது, முன்னதாகக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள் என்றாள். நான் நம்பவில்லை. நம்மூரில் ஒரு பழைய பத்திரத்தைப் பார்க்கவே எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது. ஆனால் அவள் மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கிவிட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டு, பேனாவை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை பார்க்கும் அம்மையார் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, கெட்டி அட்டைச் சட்டத்துக்குள் இருந்த தாளை எடுத்து, பிள்ளைத்தாச்சியைக் கைத்தாங்கலாக உட்காரவைப்பதுபோல மேஜையில் வைத்தார். ஏழடிப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினாலு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம். ஒரு போஸ்ட்கார்டு! பெயரும் அதற்கேற்ற மாதிரி 'லெ பெத்தி பார்க்', அதாவது சின்னப் பூங்கா. 1763 வாக்கில் செய்தது.

இரண்டு பக்கமும் மரங்கள் கண்டபடி வளர்ந்து மேலே கைகோத்து வளைவு போட்டிருக்கின்றன. நடுவே படிகளும் ஒரு மேடையும். சிலைகள். அந்தச் சிலைகளுக்கு நடுவே அங்கும் இங்குமாகச் சில மனிதர்கள். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே தாள் வெறுமனே விடப்பட்டிருக்கிறது. படம் என்று பார்த்தால் இவ்வளவுதான்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லூப், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன பூதக்கண்ணாடி, இருக்கும். சால்டர் ஜாயின்ட் பார்த்துப் பார்த்து அதுவே இரண்டாவது கண்ணாகிவிட்டது. அந்த அம்மையாரிடம் காட்டிக் கேட்டேன். தாளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தார். லூப் வழியாகப் பார்த்ததும் என் தலை நிமிரவே இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இலை என்று நான் நினைத்தது எதுவும் இலை இல்லை. எல்லாம் சுழி. நாம் கடிதத்துக்கு மேலே பிள்ளையார் சுழி போடுவோமே, அதையே கையெடுக்காமல் பத்து, இருபது என்று வேகமாகப் போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்த மரம். சுழிகள் நெருக்கமாக விழுந்த இடம் நிழல், கலைந்து விழுந்த இடம் வெயில் பட்ட கிளை. கிட்டே பார்த்தால் ஒரு குழந்தை கிறுக்கியது மாதிரிதான் தெரிகிறது. லூப்பை எடுத்துவிட்டால் காற்றடிக்கிறது.

அப்புறம் கோட்டின் முனை. எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. கோடு ஆரம்பிக்கும் இடமும் முடியும் இடமும் மொண்ணையாக, ஒரே தடிமனில் இருக்கின்றன. உளியால் செம்பைத் தோண்டிப் போட்ட கோடு அப்படி இருக்காது. உளி உள்ளே இறங்கும்போது மெல்லிசாக ஆரம்பித்து, நடுவில் தடித்து, வெளியே வரும்போது ஊசி முனையாக முடியும். திராவகம் தின்ற கோட்டுக்கு அந்த நளினமெல்லாம் தெரியாது. நாற்பது வருஷமாக நான் டிரேயில் பார்த்துவந்த அதே முனைதான் இது.

முறை இதுதான். வழவழப்பாகத் தேய்த்த செம்புத் தகட்டில் மெழுகு, குங்கிலியம், தார் வகை ஒன்று சேர்ந்த கலவையை மெல்லிய தோலாகப் பூசுவார்கள். மெழுகுவர்த்திப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் வரைந்தால், ஊசி போன இடத்தில் மெழுகு விலகிச் செம்பு பளபளக்கும். தகட்டைத் திராவகத்தில் போட்டால், செம்பு தெரிகிற இடத்தை மட்டும் அது அரித்துப் பள்ளமாக்கும். பிரெஞ்சில் இந்த வகைப் படத்துக்கே 'ஓ ஃபோர்த்' என்றுதான் பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வலுத்த தண்ணீர்', அதாவது நம்ம திராவகம். கறுப்பாக வேண்டிய கோடு அதிக நேரம் ஊற வேண்டும். வெளிறலாக இருக்க வேண்டிய கோட்டைப் பாதியிலேயே வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மீதியை மறுபடி ஊறப் போடலாம். கடைசியில் மெழுகைத் துடைத்தெடுத்து, பள்ளங்களில் மையை இறக்கி, மேல்பரப்பை மட்டும் சுத்தமாகத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து, கரும்புச்சாறு மெஷின் மாதிரி இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமான சட்டம்போலப் பதிந்துவிடும். அந்தச் சட்டத்தைச் சாய்வான வெளிச்சத்தில் அன்றைக்குப் பார்த்தேன். மைக்கோடும் தாளின் மட்டத்துக்கு மேலே, மயிரிழை உயரத்தில் எழும்பி நிற்கிறது.

என்னைக் குழப்பியது ஒன்றுதான். எங்கள் வேலையில் காப்பர் போர்டின்மேல் மார்க்கராலோ நெயில் பாலிஷாலோ டிராக், அதாவது மின்சாரம் ஓட வேண்டிய கோடு, வரைவோம். வரைந்த இடம் காப்பாற்றப்படும், மற்றதெல்லாம் கரைந்து போகும். அதாவது நாம் தொட்டது மிஞ்சும். இங்கே நேர்மாறு. அவர் தொட்டதைத்தான் திராவகம் தின்கிறது, தொடாமல் விட்டது வெயிலாக மிஞ்சுகிறது. அதே செம்பு, அதே அரிப்பு, ஆனால் கை யோசிக்க வேண்டியது தலைகீழாக. அந்த மேஜையில் உட்கார்ந்து இதை மண்டைக்குள் திருப்பிப் போட எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

இடவலம் மாறுவது மட்டும் எங்களுக்கும் உண்டு. அச்சில் இடது பக்கம் இருக்கும் மரம் தகட்டில் வலது பக்கம் வரையப்பட்டது. நான் ஒருமுறை போர்டு டிசைனை இடவலம் மாற்றாமல் அச்சடித்து, ஐ.சி.யின் கால்களெல்லாம் எதிர்ப்பக்கம் போய், கடைசியில் அதைப் பல்லி மாதிரி போர்டுக்கு அடியில் ஒட்டவைத்து சால்டர் செய்திருக்கிறேன். ஃப்ராகொனாரின் மரங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மரம் மரம்தான்.

ஊர் திரும்பும்வரை இந்த மனுஷனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இப்படித் திராவகத்தால் அரித்துப் படம் போடும் எட்சிங்கை எப்படிச் செய்வது என்று ஆப்ரஹாம் போஸ் என்பவர் 1645இலேயே பாரிஸில் ஒரு கையேடு போட்டிருக்கிறார். நூறு வருஷம் கழித்து 1745இல் கொஷான் என்ற செதுக்கர் அதை விரிவாக்கி வெளியிட்டார். போஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திராவகக் கோடும் உளிக் கோடு மாதிரியே ஒழுங்காக, அளந்து போட்டதுபோல இருக்க வேண்டும். தொழில்முறைச் செதுக்கர்கள் அந்த ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். லண்டனில் இருக்கும் ஃப்ராகொனாரின் இன்னொரு ஊஞ்சல் படம், அதுதான் உலகப் பிரசித்தம், அதை 1782இல் நிக்கோலா த லோனே செம்பில் செதுக்கினார். வரிவரியாக, பட்டு நெசவு மாதிரி அப்படியொரு நேர்த்தி. அதையும் சின்னப் பூங்காவையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் வைத்துப் பார்த்தேன். த லோனே செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது கிறுக்கல்தான். ஓவியரின் கையே தகட்டில் ஓடுவது வேறு, அவர் போட்ட படத்தை இன்னொருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பெயர்ப்பது வேறு.

சின்னப் பூங்காவில் இருக்கும் அந்தத் தோட்டம் பிரான்சிலேயே இல்லை. ரோமுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திவோலி என்ற ஊர். அங்கே இப்பொலித்தோ தெஸ்தே என்ற கார்டினல் 16ஆம் நூற்றாண்டில் கட்டவைத்த வில்லா தெஸ்தே என்ற தோட்ட மாளிகை. வடிவமைத்தவர் பிர்ரோ லிகோரியோ. அனியெனே ஆற்றிலிருந்து சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான தாரைகளில் பீய்ச்சியடிக்க வைத்திருக்கிறார்கள். பம்ப் கிடையாது. எல்லாம் மேலிருந்து கீழே வரும் தண்ணீரின் அழுத்தம்தான். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்ற நாங்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

18ஆம் நூற்றாண்டில் தோட்டத்தைக் கவனிக்க ஆள் இல்லை. சொந்தக்காரரான மோதெனா பிரபு எங்கேயோ இருந்தார், மரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்தன. ஃப்ராகொனார் 1752இல், இளம் ஓவியர்களை ரோமுக்குப் படிக்க அனுப்பும் ரோம் பரிசு வாங்கியவர். 1756இல் ரோமுக்குப் போய் பிரெஞ்சு அகாதெமியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 1760 கோடையில் அபே த சாங் நோங் அந்த வில்லாவை எடுத்துத் தங்கினார், ஃப்ராகொனாரையும் கூட்டிப் போனார். அபே என்றதும் பூசை வைக்கிற பாதிரியார் என்று நினைத்துவிட வேண்டாம். கையில் காசும் கலையில் பித்தும் இருந்த ஆசாமி, தானே எட்சிங் போடுவார். அகாதெமியின் தலைவர் நத்துவார் அந்த ஆகஸ்டில் பாரிஸுக்கு எழுதிய கடிதத்தில், பையன் திவோலியில் நல்ல பயிற்சிப் படங்கள் போடுகிறான் என்று திருப்தியாகக் குறிப்பிட்டிருக்கிறார். அவை சிவப்புச் சுண்ணக்கட்டியில் போட்டவை. அவற்றில் முக்கியமானவை இப்போது பிரான்சின் பெசான்சோங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1761இல் பாரிஸ் திரும்பிவிட்டார். ஆனால் அந்தத் தோட்டம் அவரை விடவில்லை. இதே சின்னப் பூங்காவை எண்ணெய் வண்ணத்தில் ஒருமுறை போட்டிருக்கிறார், அது லண்டன் வாலஸ் கலெக்ஷனில் இருக்கிறது. தோல்தாளில் குவாஷ் என்ற ஒளிபுகாத நீர்வண்ணத்தில் ஒருமுறை, அது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில். இந்தத் தகடு ஒருமுறை. ஒழுங்காகக் கத்தரித்து வைத்த தோட்டமாக இருந்திருந்தால் இந்த ஆள் நாலு நாளில் மூட்டை கட்டியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓவியக் கூடம் இந்த அச்சை அப்படியே பெரிய அளவில் இணையத்தில் போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ராத்திரி டேப்லெட்டில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நானும் ஏழு வயதுப் பேத்தியும் படத்தில் எத்தனை பேர் என்று எண்ணினோம். அவள் கணக்கு ஒன்று வந்தது, என் கணக்கு வேறு. "தாத்தா, இவங்க ஆளு இல்ல, சிலை" என்றாள். இன்னொன்றைக் காட்டி, "இது சிலை இல்ல, அசையுது" என்றாள். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. சிலைக்கும் மனிதருக்கும் அவர் ஒரே மாதிரிதான் கோடு போட்டிருக்கிறார். தலைக்கு ஒரு வளைவு, முதுகுக்கு ஒரு இழுப்பு, பாவாடை மாதிரி ஏதோ ஒன்று. மூக்கு, கண் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் ஆளையே வரையவில்லை. ஆளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டை வரைந்திருக்கிறார், ஆள் தானாக வந்து நிற்கிறார். எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. மகள் வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்த மறுவாரம் பாரிமுனையில் செம்புத் தகடு வாங்கினேன். சர்க்யூட் போர்டு இதற்கு உதவாது. அதில் செம்பு வெறும் 35 மைக்ரான்தான், கோடு பள்ளமாவதற்குள் ஓட்டையாகிவிடும். தேன்மெழுகும் கொஞ்சம் தாரும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியமும் சேர்த்து உருக்கியதில் சமையலறை முழுக்க கோயில் திருவிழா வாசனை. அன்றைக்கு மனைவி பேசவில்லை. ஃப்ராகொனார் காலத்து நைட்ரிக் அமிலம் எனக்கு வேண்டாம், அதன் புகையை மாடியில் வைத்துக்கூட சமாளிக்க முடியாது. ஃபெரிக் குளோரைடுதான். அழுக்கு பள்ளத்தில் தங்காமல் கீழே விழ, தகட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பாடம்.

சின்னப் பூங்காவைப் பார்த்து நகல் போட்டேன். உருட்டுவதற்கு மெஷின்? தெரிந்த நகைப் பட்டறையில் தங்கத்தைத் தகடாக உருட்டும் கை மெஷின் ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரர், "என்ன சார், இதுல பேப்பரை விடுறீங்க?" என்று கேட்டார், ஆனாலும் சுற்றக் கொடுத்தார். உருளையின் அகலம் நாலு அங்குலம்தான். அதனால் மூன்றுக்கு நாலு அங்குலத் தகடு.

முதல் அச்சு வெளியே வந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வானம் முழுக்க அம்மைத் தழும்பு. மெழுகில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருந்திருக்கின்றன, அமிலம் ஒவ்வொன்றிலும் நுழைந்துவிட்டது. மரம் பரவாயில்லை, பிள்ளையார் சுழி கை கொடுத்தது. படியில் நின்ற நாலு பேர்தான் நாலு கறுப்புப் புள்ளிகள். அவர்களுக்கு நான் கண், மூக்கு, சட்டைப் பொத்தான்வரை வைத்திருந்தேன். அமிலம் கீழே மட்டுமா போகும், பக்கவாட்டிலும்தான் தின்னும். போர்டில் இரண்டு டிராக் கிட்டக் கிட்டப் போனால் என்ன ஆகும் என்று இருபது வருஷம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஆள் மொத்தமும் ஒரே குழியாகி, குழி முழுக்க மை. பட்டறைக்காரர் விரலை வைத்து, "இது என்ன சார், எறும்பா?" என்றார்.

இரண்டாவது தகட்டில் ஆட்களுக்கு ஆளுக்கு மூன்று கோடு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அந்த மூன்றையும் யோசித்து யோசித்துப் போட்டதில் எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்கிறார்கள். மூன்றாவதில் ஆளே போடவில்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி நிழலை மட்டும் கிறுக்கினேன், நடுவே வெள்ளையாக விட்டேன். அதில் ஒருத்தி மட்டும் தேறியிருக்கிறாள். மேடை ஓரத்தில், தலையைத் திருப்பி யாரையோ பார்க்கிற மாதிரி. நான் அவளை வரையவில்லை.

அந்த அச்சைப் போட்டோ எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். 'ஒரு சிலை இருக்கு' என்று பதில் வந்தது.

பாட்டில் இன்னும் பாதி இருக்கிறது. நாலாவது தகட்டை 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், குறுக்கே ஒரு கீறல் போக மாட்டேன் என்கிறது. மனைவி இன்றைக்குத் தானாகவே ஒரு பழைய நைட்டியைக் கிழித்துத் துடைக்கத் துணி கொடுத்தாள், "சட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் பண்ணுங்க" என்று.